ஹைபிரிட் காருக்கு எம்.ஓ.டி. பரிசோதனையில் புகை அளவு எடுக்காதது சரியா?

கேள்வி: ஹரோவாசி (லண்டன்)

வணக்கம். என்னிடம் 2012ஆம் ஆண்டில் பதிவான டொயோட்டா பிரியஸ் ஒன்று இருக்கிறது, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். மூன்றாம் தலைமுறை, 1.8 லீட்டர் எஞ்சின். சென்ற வாரம் எம்.ஓ.டி. என்ற வருடாந்த வாகனத் தகுதிப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஒரு குறையும் எழுதப்படாமல் தேறிவிட்டது. ஆனாலும் ஒரு சந்தேகத்தோடுதான் வீடு திரும்பினேன்.

காத்திருந்த அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, எனக்கு முன்னால் நின்ற சாதாரண பெட்ரோல் காரின் புகைக்குழாயில் கருவியின் குழலைச் செருகி, எஞ்சினை வேகமாக ஓட விட்டு, அளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் காரின் முறை வந்தபோது அந்தக் கருவியைப் பக்கத்தில்கூடக் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, "ஹைபிரிட்டுக்கு அது கிடையாது" என்ற ஒற்றை வரிப் பதில்தான் கிடைத்தது.

இதை நான் விடாமல் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காரின் அடியிலிருந்து கேட்டலிட்டிக் கன்வேட்டரை, அதாவது புகையிலுள்ள நச்சு வாயுவை அழிக்கும் பெட்டியை, இரவோடிரவாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டொயோட்டாவின் சொந்தப் பாகம் அன்று எனக்குக் கட்டுப்படியாகாத விலையில் இருந்ததால், ஒரு கராஜில் சொன்ன மலிவான மாற்றுப் பாகத்தைப் பூட்டிக்கொண்டேன். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் எம்.ஓ.டி. தேறியிருக்கிறது, ஆனால் ஒரு தடவையும் யாரும் புகையை அளந்து பார்க்கவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. எங்கள் வீடு ஓர் ஆரம்பப் பள்ளியின் எதிரே இருக்கிறது. காலையில் நான் காரைக் கிளப்பும் அதே நேரத்தில்தான் பிள்ளைகள் அந்த நடைபாதையில் வரிசையாகப் போகிறார்கள்.

அளவெடுக்காமல் விட்டது விதிப்படி சரியா? அந்த மலிவான கன்வேட்டர் வேலை செய்கிறதா இல்லையா என்று அறிய வழி உண்டா? நானே பணம் கட்டி அளக்கச் சொன்னால் செய்வார்களா, அதற்கு என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பதில்: நான்காம் வகுப்பு (எம்.ஓ.டி. பரிசோதகர், மிட்லண்ட்ஸ்)

வணக்கம் அண்ணா. பதினொரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். உங்களிடம் சொன்னது ஒற்றை வரியானாலும் பிழையில்லை. பெட்ரோல் ஹைபிரிட் கார்களுக்கு எம்.ஓ.டி.யில் கருவி வைத்துப் புகை அளப்பதில்லை. பரிசோதகர் சோம்பலால் விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

ஏன் அப்படி என்பதற்கு, சாதாரண பெட்ரோல் காரை நாங்கள் எப்படி அளக்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். எஞ்சின் எண்ணெய் குறைந்தது 60 பாகை சூட்டுக்கு வந்த பிறகு, நிமிடத்துக்கு 2500 முதல் 3000 சுற்று வரையான வேகத்தில் அரை நிமிடம் எஞ்சினைப் பிடித்து வைத்து, அந்த நிலையில் மூன்று அளவுகளைப் பார்ப்போம். 2002ஆம் ஆண்டு ஜூலைக்குப் பின் பாவனைக்கு வந்த கார்களுக்குப் பொதுவான வரம்பு, கார்பன் மொனொக்சைட் 0.2 சதவீதம், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கு, லாம்டா, அதாவது காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் எண், 0.97க்கும் 1.03க்கும் இடையில். பிறகு மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக மெதுவாக ஓடும் ஐட்லிங்கில் கார்பன் மொனொக்சைட் 0.3 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கிறதா என்று பார்ப்போம். இந்த முறை முழுவதும், எஞ்சின் பரிசோதகரின் காலுக்குக் கட்டுப்படும் என்ற ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது. பிரியஸில் அந்த நம்பிக்கை பொய்த்துவிடுகிறது. எஞ்சின் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைக் காரின் கணினிதான் முடிவு செய்கிறது. கார் நிற்கும்போது, பற்றரியில் போதிய மின்சாரம் இருந்து எஞ்சினும் சூடாக இருந்தால், அது நின்றுவிடும். குழல் உள்ளே இருக்கும்போதே எஞ்சின் நின்றால் கருவி வெறும் காற்றைத்தான் உறிஞ்சும், அப்போது எல்லா அளவும் மிகச் சுத்தமாக வரும். அப்படியான ஒரு சான்றிதழைக் கொடுப்பதைவிட அளக்காமல் இருப்பது நேர்மையானது என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் ஹைபிரிட் கார் புகை விஷயத்தில் முழுமையாகத் தப்பிவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிற்சாலையில் பூட்டி வந்த கன்வேட்டர் இல்லாமல் போயிருந்தால், அது பெரிய குறை என்ற பிரிவில் வந்து கார் தோற்கும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் 2018ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து பெட்ரோல் கார்களில் அதுவும் பெரிய குறைதான், 2003 ஜூலைக்குப் பின் வந்தவற்றுக்கு அது பொருந்தும். புகைக்குழாயில் கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். எங்களால் பார்க்க முடியாதது ஒன்றுதான். உங்கள் காரின் அடியில் கன்வேட்டர் வடிவத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, அதனுள்ளே என்ன இருக்கிறது என்பதை எங்கள் கண் சொல்லாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இங்கே பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். லண்டனில் அதிகம் புகை விடும் வாகனங்களுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் வலயத்தில் உங்கள் காருக்குக் கட்டணம் இல்லை என்பது, அது இன்று சுத்தமாக ஓடுகிறது என்பதற்குச் சான்று ஆகாது. அந்த முறை காரின் பதிவு விவரத்தை வைத்து, பெட்ரோலானால் யூரோ 4 என்ற ஐரோப்பியப் புகைத் தரத்தையாவது எட்டியதா என்று பார்க்கிறது. கன்வேட்டர் திருடப்பட்ட காரும் கமெராவின் கண்ணுக்கு அதே யூரோ 5 கார்தான்.

---

பதில்: மின்பட்டறை (ஹைபிரிட் திருத்துநர், கிழக்கு லண்டன்)

மேலே எழுதிய தம்பி விதியைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் பாகத்தைப் பற்றியும் அளக்கும் வழியைப் பற்றியும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பிரியஸ், ஓரிஸ், ஹொண்டா ஜாஸ் ஹைபிரிட் ஆகியவற்றின் கன்வேட்டரைக் குறிவைத்துத் திருடியதற்குக் காரணம், 2019ஐ ஒட்டி, கன்வேட்டரின் உள்ளே பூசப்படும் பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் விலை ஏறியதும், ஹைபிரிட்டில் அந்த உலோகங்கள் குறைவாகத் தேய்ந்திருந்ததும்தான். திருட்டுப் பெருகியபோது மாற்றுப் பாகத்துக்கும் கிராக்கி ஏறியது. அந்த உலோகங்களை மிகக் குறைவாகப் பூசிய பெட்டிகளும் அப்போது பட்டறைகளுக்குள் வந்தன. இந்த நாட்டுச் சட்டப்படி 2001 மார்ச்சுக்குப் பின் பதிவான பெட்ரோல் காருக்கு விற்கப்படும் மாற்றுக் கன்வேட்டர் வகை அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பெட்டியின் உலோகத்தில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும், அதன் அருகே அங்கீகார இலக்கமும் பொறித்திருக்கும். காரைத் தூக்கி நிறுத்தி, அடித்தகட்டைக் கழற்றி, முதலில் அதைப் பாருங்கள். அந்தப் பொறிப்பு இல்லையென்றால் மேற்கொண்டு அளக்காமலேயே எனக்கு விடை தெரியும்.

பொறிப்பு இருந்தாலும் அளப்பது நல்லது. பிரியஸில் எஞ்சினை நிற்காமல் ஓட வைக்கப் பராமரிப்பு நிலை என்று ஒன்றை டொயோட்டாவே வைத்திருக்கிறது. கைப்பிரேக்கைப் போட்டு, பிரேக் மிதியைத் தொடாமல் பவர் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் ஓட்டுநருக்கு முன்னால் உள்ள திரையின் விளக்குகள் எரியும், ஆனால் கார் தயார்நிலைக்கு வராது. அங்கிருந்து ஒரு நிமிடத்துக்குள் இதைச் செய்து முடிக்க வேண்டும்: கியர் 'பி' (நிறுத்தம்) நிலையில் இருக்கும்போது அக்சிலரேட்டரை அடி வரை இரண்டு தடவை மிதித்து விட வேண்டும், 'என்' (நியூட்ரல்) நிலைக்கு மாற்றி மீண்டும் இரண்டு தடவை, திரும்ப 'பி'க்கு வந்து இன்னும் இரண்டு தடவை. அதன்பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு பவர் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 சுற்றில் நின்று ஓடும். திரையில் பராமரிப்பு நிலை என்ற அறிவிப்பும் வரும். அக்சிலரேட்டரை மிதிக்கும் ஆழத்துக்கேற்ப வேகம் படிப்படியாக ஏறும். பிரியஸில் சுற்று காட்டும் முள் கிடையாது என்பதால், காரின் கணினியோடு இணைத்து விவரம் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றைச் செருகி அதில் வேகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தயவுசெய்து இந்த நிலையில் காரை ஓட்டிவிடாதீர்கள், கியர்ப்பெட்டி கெடும் என்று டொயோட்டாவின் கையேடே எச்சரிக்கிறது. பவரை நிறுத்தினால் கார் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அளப்பதற்கு முன் இருபது நிமிடமாவது பெருஞ்சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். கன்வேட்டர் ஏறத்தாழ 250, 300 பாகைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். நகர நெரிசலில் மின்சாரத்தில் ஊர்ந்து வந்த ஹைபிரிட்டில் அது ஆறிப்போயிருக்கலாம், அந்த நேரத்தில் எடுத்த அளவு நல்ல கன்வேட்டரையும் கெட்டதாகக் காட்டும். கருவியில் கார்பன் டையொக்சைட் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக எரியும் பெட்ரோல் எஞ்சினில் அது 14, 15 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதைவிட மிகக் குறைந்திருந்தால் எங்கோ வெளிக்காற்று கலக்கிறது என்று பொருள், அப்போது மற்ற எண்களை நம்ப வேண்டாம்.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லையே என்று ஆறுதல் அடையவும் முடியாது. கன்வேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஒட்சிசன் உணரியை வைத்துத்தான் கணினி அதன் திறனைக் கணிக்கிறது, திறன் குறைந்தால் P0420 என்ற பிழைக்குறி எழும். மலிவான கன்வேட்டர் பூட்டுகிறவர்களில் சிலர் அந்த உணரிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு நீட்டிப்புத் துண்டை வைத்து, உணரிக்கு வாயு சரியாகப் படாதபடி செய்துவிடுகிறார்கள். விளக்கு எரியாது, எம்.ஓ.டி.யும் தேறும், வெளியே போகும் புகை மட்டும் மாறாது. உங்கள் காரில் அப்படி ஒரு துண்டு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கடைசியாக, மூன்றாம் தலைமுறை பிரியஸ் என்பதால் இதையும் எழுதுகிறேன். அந்த எஞ்சினில் புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஈஜிஆர் குளிரூட்டி கரியால் அடைபடுவது அடிக்கடி நடக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்ட கார்களில் எஞ்சினின் மேற்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது சில விநாடிகள் உதறினால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் காரணம் தெரியாமல் குறைந்தால், உடனே பாருங்கள். கூலன்ட் கலந்த புகை எவ்வளவு நல்ல கன்வேட்டரையும் கொன்றுவிடும். புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டுவதற்கு முன் இதைச் சரிபார்க்காவிட்டால் அந்தப் பணமும் வீண்.

---

பதில்: தென்கரை (குரொய்டன்)

எனக்கு இதில் ஒரு மறுப்பு உண்டு. நகரத்தில் ஹைபிரிட் கார் பாதி நேரம் எஞ்சினே இல்லாமல் ஓடுகிறது. அதிகபட்சம் 54.85 பவுண் கட்டணத்துக்கு நடக்கும் ஒரு பரிசோதனையில் இன்னொரு வேலையையும் ஏற்றினால், கராஜ்காரர்கள் அதை எங்கள் தலையில்தான் கட்டுவார்கள். பழைய டீசல் வாகனங்களை விட்டுவிட்டு ஏன் பிரியஸ்காரனைப் பிடிக்க வேண்டும்?

---

பதில்: நான்காம் வகுப்பு

டீசலை விட்டுவிடவில்லை, அவற்றுக்குப் புகையடர்த்திச் சோதனை ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. பாதி நேரம் எஞ்சின் ஓடவில்லை என்ற கணக்கை நானும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதை முழுவதுமாகப் போட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள கன்வேட்டர், சூடான பிறகு, நச்சு வாயுவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அழித்துவிடுகிறது. அது செத்துப்போனால் எஞ்சின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பத்து மடங்கு வெளியேறும், எஞ்சின் பாதி நேரமே ஓடினாலும், நல்ல கன்வேட்டர் உள்ள சாதாரண பெட்ரோல் காரைவிட ஐந்து மடங்கு மிஞ்சும். அதோடு ஹைபிரிட்டின் எஞ்சின் ஓய்ந்து ஓய்ந்து மறுபடி கிளம்புகிறது, கன்வேட்டர் ஆறிக்கிடக்கும் நேரத்தில் நிகழும் கிளம்பல்களில்தான் அழுக்கு அதிகம்.

கட்டணம் பற்றி நீங்கள் சொல்வது நியாயமான கவலை. 2023 ஜனவரியில் போக்குவரத்துத் திணைக்களம் எம்.ஓ.டி. சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்டபோது, புகையை நன்றாக அளக்கும் வழிகளும் அதில் இருந்தன. பேச்செல்லாம் முதல் பரிசோதனையை மூன்றாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டுக்குத் தள்ளலாமா என்பதைச் சுற்றியே போய்விட்டது, பிறகு மூன்று ஆண்டே நீடிக்கும் என்று முடிவாயிற்று. ஹைபிரிட் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிவரும் நாட்டில் இந்த இடைவெளியை அப்படியே விட்டுவைப்பது சரியில்லை என்பது என் கருத்து.

---

பதில்: வன்னிவாசி (வவுனியா)

எங்களுக்கு இலங்கையில் அந்த விலக்கு இல்லை. 2008ஆம் ஆண்டிலிருந்து வருடாந்தப் புகைப் பரிசோதனை நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் தர மாட்டார்கள். வீதியில் ஓடும் கார்களில் அக்வா, பிரியஸ், வெசல், ஃபிட் என்று ஹைபிரிட் நிறைந்திருப்பதால், அவற்றை விட்டுவிட்டால் பரிசோதனைக்கே பொருள் இருக்காது.

என் அக்வாவை முதல் தடவை கொண்டுபோனபோது குழலைச் செருகியதும் எஞ்சின் நின்றுவிட்டது. அங்கிருந்த பையன் ஏசியை முழுக்கத் திறந்துவிட்டுப் பற்றரி இறங்கும் வரை காத்திருந்தான், எஞ்சின் கிளம்பியதும் அவசரமாக அளவெடுத்துச் சான்றிதழைத் தந்தான். எஞ்சின் அப்போது பற்றரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டு சுமையோடு ஓடியதால் அது சரியான ஐட்லிங் அளவே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து பராமரிப்பு நிலையை நானே போட்டுக் கொடுக்கிறேன். ஹைபிரிட்டையும் அளக்க முடியும், பரிசோதகருக்கு அந்த ஒரு நிமிட வேலையைக் கற்றுக்கொடுத்தால் போதும். மேலே கொடுத்திருக்கும் முறை டொயோட்டாவுக்கு உரியது, மற்ற நிறுவனங்களின் கார்களுக்கு அவற்றின் திருத்தற் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

---

பதில்: அடையாறு (சென்னை)

இந்தியாவிலும் எண்கள் ஏறத்தாழ அதேதான். பிஎஸ் 4, பிஎஸ் 6 என்ற இந்தியப் புகைத் தரங்களுக்கு உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மொனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200, வேகமான ஐட்லிங்கில் 0.2 சதவீதம். பியூசி என்ற புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இந்த வண்டிகளுக்கு ஓராண்டு செல்லும். நான் ஹைபிரிட் வண்டியைக் கொண்டுபோனபோது குழலில் இருந்து வந்த கார்பன் டையாக்சைடு அளவைத் திரையில் காட்டச் சொன்னேன், ஒரு சதவீதம்கூட இல்லை. எஞ்சின் நின்றிருந்தது. சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லி, எஞ்சினை ஓடவைத்து மறுபடியும் எடுக்கச் செய்தேன். மின்பட்டறை ஐயா சொன்ன அந்த ஒரு எண்ணைப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வர வேண்டும்.

---

பதில்: ஹரோவாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து முடிவைச் சொல்ல வந்திருக்கிறேன்.

காரைத் தூக்கிப் பார்த்ததில் கன்வேட்டரில் எந்தப் பொறிப்பும் இல்லை. உணரியின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டும் இருந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. வேறொரு கராஜில் விஷயத்தைச் சொல்லி, பணம் கட்டி, பராமரிப்பு நிலையில் அளக்கச் செய்தேன். நிமிடத்துக்கு 2500 சுற்றில் கார்பன் மொனொக்சைட் 0.71 சதவீதம், ஹைட்ரோகார்பன் 240, லாம்டா 1.00, கார்பன் டையொக்சைட் 14.3. எஞ்சின் நன்றாக எரிகிறது, கன்வேட்டர்தான் ஒன்றும் செய்யவில்லை என்று அந்தத் திருத்துநர் விளக்கினார். சாதாரண பெட்ரோல் காராக இருந்திருந்தால் நான்கு ஆண்டுக்கு முன்பே தோற்றிருப்பேன்.

ஈஜிஆர் குளிரூட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது, கேஸ்கெட் தப்பியிருக்கிறது. அங்கீகாரப் பொறிப்புள்ள கன்வேட்டரைப் பூட்டி, துண்டை எடுத்துவிட்டு, திருடர் அறுக்காதபடி அடியில் ஒரு தகட்டுக் காப்பும் போட்டாயிற்று. நேற்று மறுபடி அளந்ததில் கார்பன் மொனொக்சைட் 0.01, ஹைட்ரோகார்பன் 12. அந்த இரண்டு தாள்களையும் காரின் கோப்பில் வைத்திருக்கிறேன். அடுத்த எம்.ஓ.டி.யின்போதும் விதி மாறாமல் இருந்தால், அதே கராஜில் தனியாகப் பணம் கட்டி மூன்றாவது தாளையும் வாங்கிக்கொள்வேன்.